பழைய ரோட்ஸ் பியானோ கைக்கு வந்தா என்ன விலை, என்ன ரிப்பேர், எப்படி விக்கிறது

பழைய ரோட்ஸ் எலக்ட்ரிக் பியானோ ஒண்ணு உங்க கைக்கு வந்திருக்கு, இல்ல யாரோ விக்கிறேன்னு சொல்றாங்கன்னு வைங்க, உடனே எல்லாரும் பண்றது போனை எடுத்து "என்ன விலை போகுது"ன்னு தேடுறதுதான், தேடினா 800 டாலர்லேர்ந்து 5000 டாலர் வரைக்கும் கண்ணுல படும், மண்டை குழம்பிப் போகும். அதைக் கொஞ்ச நேரம் மறந்துடுங்க. ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து 73 வரி நம்பர் போடுங்க, ஒரு கீக்கு ஒரு வரி. விலையும் அதுலதான் இருக்கு, ரிப்பேர் லிஸ்ட்டும் அதுலதான் இருக்கு, நாளைக்கு விக்கிறப்ப எழுத வேண்டிய விளம்பரமும் அதேதான்.

நான் நியூ ஜெர்சில இருக்கேன், இங்க ஒரு சர்ச் பேஸ்மென்ட்ல பல வருஷம் துணி மூடிக் கிடந்த 1976 மாடல் ஸ்டேஜ் 73 (ஸ்பீக்கர் இல்லாத, 73 கீ இருக்கிற ரகம்) ஒண்ணை அப்படித்தான் வாங்கினேன். கொடுத்தவங்க "இது செத்துப் போச்சு, பார்ட்ஸுக்கு வேணா எடுத்துக்கோங்க"ன்னாங்க. வரிவரியா பார்த்தப்ப 11 நோட்டுதான் ஊமை, அதுலயும் நிஜமா உடைஞ்சு போனது ரெண்டே ரெண்டு, மீதி எல்லாம் கையால சரி பண்ணக்கூடிய வேலை. அன்னிலேர்ந்து யாராவது ரோட்ஸை பார்ட்ஸுக்குப் பிரிக்கப் போறேன்னு சொன்னா எனக்கு வயித்தைப் பிசையும்.

முதல்ல உங்ககிட்ட இருக்கிறது எதுன்னு தெரிஞ்சுக்கணும். நாலு காலு போட்டு நிக்குது, ஸ்பீக்கர் கிடையாது, கரண்ட் வயரே இல்லன்னா அது ஸ்டேஜ் மாடல், 1970ல வந்தது. கீழ பெரிய ஸ்பீக்கர் பெட்டி, முன்னாடி சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ப்ரீஆம்ப் பேனல், சத்தம் இடம் வலம்னு மாறி மாறி ஆடுற வசதி எல்லாம் இருந்தா அது சூட்கேஸ் மாடல். 73 கீ இருக்கும், இல்ல 88 இருக்கும், எண்ணிப் பாருங்க. மூடி வளைவா இருந்தா பெரும்பாலும் பழசு, தட்டையா மேல இன்னொரு கீபோர்டு வைக்கிற மாதிரி இருந்தா 1979ல வந்த மார்க் டூ. முன்னாடி "ஃபெண்டர் ரோட்ஸ்"னு இருக்கா, வெறும் "ரோட்ஸ்"னு இருக்கானு பாருங்க, 1974 வாக்குலதான் ஃபெண்டர் பேரை எடுத்தாங்க. ஃபெண்டர் பேர் இருக்கிறதுக்காகவே கூடக் கேக்கிறவங்க இருக்காங்க, ஆனா அந்தப் பேர்ப்பலகைக்காக நானா இருந்தா நூறு டாலர் கூட அதிகமா தர மாட்டேன், சத்தம் வர்றது அங்கேர்ந்து இல்ல.

வருஷம் தெரியணும்னா மூடிய கழட்டி உள்ள மரத்துல முத்திரை குத்தின நாலு எண்ணைத் தேடுங்க, முதல் ரெண்டு எத்தனாவது வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 3576ன்னா 1976ல 35வது வாரம். பின்னாடி தகட்டுல இருக்கிற சீரியல் நம்பரை வெச்சு வருஷம் சொல்றவங்க பேச்சை நம்பாதீங்க, உள்ள இருக்கிற முத்திரைதான் கணக்கு.

இந்த பியானோ எப்படிப் பாடுதுன்னு தெரிஞ்சா ரிப்பேர்ல பாதி முடிஞ்ச மாதிரி, அதனால இதை மட்டும் பொறுமையா படிங்க. இதுல தந்தி கிடையாது. ஒவ்வொரு நோட்டுக்கும் டைன்னு ஒரு மெல்லிசான எஃகுக் குச்சி, அதுக்கு மேல டோன் பார்னு ஒரு கனமான பட்டை, ரெண்டும் சேர்ந்து ஒரு டியூனிங் ஃபோர்க் மாதிரி, ஒரு காலு ஒல்லி ஒரு காலு குண்டு. கீயை அமுக்கினா ஹேமர்ங்கிற குட்டி சுத்தியல் மேல வந்து டைனை அடிக்கும், டைன் நுனிக்கு எதிர்ல காந்தமும் காயிலும் சேர்ந்த பிக்கப் ஒண்ணு, கிட்டார்ல இருக்கிற அதே தத்துவம். ஹெரால்ட் ரோட்ஸ்ங்கிற மனுஷன் ரெண்டாம் உலகப் போர் சமயத்துல ஆஸ்பத்திரில படுத்த படுக்கையா இருந்த சிப்பாய்ங்களுக்காக, விமானத்துல போடுற அலுமினியக் குழாய்களை வெட்டி மடியில வெச்சு வாசிக்கிற மாதிரி குட்டி பியானோ பண்ணிக் கொடுத்தவர், அங்க ஆரம்பிச்ச யோசனைதான் பிற்பாடு கிட்டார் செஞ்ச லியோ ஃபெண்டரோட சேர்ந்து இப்படி வளர்ந்துச்சு. நோயாளிங்க விரலுக்குப் பயிற்சியா ஆரம்பிச்ச சாமான்னு நினைச்சுப் பார்த்துட்டு அதைத் திறந்தீங்கன்னா ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கிற கையே கொஞ்சம் மெதுவாகும்.

இப்போ நோட்டுப் புத்தகம். ஆம்ப்ல, அதாவது சத்தத்தைப் பெருக்குற ஸ்பீக்கர் பெட்டில, சொருகாம முதல் சுத்து. ஒவ்வொரு கீயா அமுக்கி, காதை கிட்ட வெச்சு டைன் நிஜமாவே ஒலிக்குதானு கேளுங்க. அப்புறம் ஆம்ப்ல போட்டு ரெண்டாவது சுத்து, மெதுவா ஒரு தட்டு, ஓங்கி ஒரு தட்டு. இந்த ரெண்டு சுத்தையும் ஒப்பிட்டாலே நோய் என்னன்னு தெரிஞ்சிடும். காதுக்குக் கேக்குது ஆம்ப்ல வரலைன்னா பிக்கப் போச்சு. காதுக்கே "டொக்"னு மரத்தைத் தட்டின மாதிரி வருதுன்னா டைன் உடைஞ்சிருக்கு இல்ல விரிசல் விட்டிருக்கு. ஒலிக்க ஆரம்பிச்சு உடனே யாரோ கையை வெச்ச மாதிரி அமுங்கிடுச்சுன்னா டேம்பர், அதாவது கீயை விட்டதும் டைனைத் தொட்டு சத்தத்தை நிறுத்துற கை, இறங்கல, பெரும்பாலும் ஹேமரையும் டேம்பரையும் இணைக்கிற சின்ன நாடா அறுந்திருக்கும். கீயை விட்டப்புறமும் பாடிக்கிட்டே இருந்தா டேம்பர் டைனைத் தொடவே இல்ல. பக்கத்து பக்கத்துல மூணு நோட்டு சேர்ந்தாப்ல ஊமைன்னா பயப்படாதீங்க, பிக்கப்பை எல்லாம் மூணு மூணா சேர்த்துதான் ஒயரிங் பண்ணியிருப்பாங்க, அந்த மூணுல ஒண்ணு ஷார்ட் ஆனா மத்த ரெண்டையும் சேர்த்து அடக்கிடும், அதனால மூணுமே கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணிடாதீங்க.

மல்டிமீட்டர் இருந்தா இன்னும் சுலபம். ஒரு பிக்கப் தனியா சுமார் 180 ஓம், மூணு பேரலல்ல இருக்கிறதால கழட்டாம அளந்தா நல்ல குரூப் 60 பக்கம் காட்டும், 90 காட்டினா ஒண்ணு அறுந்திருக்கு, 180 காட்டினா ரெண்டு அறுந்திருக்கு. அறுந்ததுல நிறைய கேஸ் உள்ள இருக்கிற காயில் இல்ல, தலைமுடி மாதிரி இருக்கிற அந்த ஒயர் டெர்மினல்ல சேர்ற இடத்துல விட்டுப் போயிருக்கும். பூதக்கண்ணாடி வெச்சு, ஒயர் மேல இருக்கிற பூச்சை லேசா சுரண்டி, ஒரு பொட்டு ஈயம் வெச்சா உயிர் வந்துடும். என்னோட மூணு பிக்கப்பும் அப்படித்தான் வந்துச்சு, செலவு ஒரு பைசா இல்ல.

விலைக்கு வருவோம். 73 வரியும் நிரம்பினப்புறம் ஒவ்வொரு கோளாறுக்கும் பக்கத்துல பார்ட்ஸ் விலையைப் போடுங்க. ரோட்ஸுக்கு இன்னிக்கும் புது டைன், ஹேமர் டிப் (ஹேமர் நுனியில இருக்கிற ரப்பர்), குரோமெட் (டோன் பார் ஸ்க்ரூவைச் சுத்தி இருக்கிற ரப்பர் வளையம்), பிக்கப் எல்லாம் புதுசா செஞ்சு விக்கிறாங்க, இங்க நியூ ஜெர்சில இருக்கிற வின்டேஜ் வைப் மாதிரி கடைங்க இருக்கிறதாலதான் இந்த பியானோ இன்னும் சாகல. பார்ட்ஸோட மொத்தம் போட்டு, நல்லா செட் பண்ணின அதே மாடல் நிஜமா வித்த விலையிலேர்ந்து அதைக் கழிச்சு, உங்க வேலை நேரத்துக்கும் ஒரு தொகை கழிச்சா வர்றதுதான் வாங்கற விலை. "வித்த விலை"ன்னு அழுத்திச் சொல்றேன், கேக்கற விலை இல்ல, சந்தை தளங்கள்ல விற்பனை முடிஞ்சதை மட்டும் காட்டுற ஃபில்டர் இருக்கும், அதைப் போட்டுப் பாருங்க. ஆறு மாசமா 4500 டாலர்னு போட்டு விக்காம இருக்கிறதைப் பார்த்து உங்க மனசுல விலையை ஏத்திக்காதீங்க. அமெரிக்காவுல இப்போ ஒழுங்கா செட் பண்ணி டியூன் பண்ணின ஸ்டேஜ் 73 பொதுவா 2000 டாலருக்கு மேலதான் போகுது, வேலை பாக்காத தூசி படிஞ்சது அதுல பாதிக்கோ அதுக்கும் கீழயோ கிடைக்கும், ஊருக்கு ஊர் மாறும்.

இந்தக் கணக்குல எல்லாரும் விட்டுடறது கூட வர்ற சாமான். நாலு காலு, குறுக்குக் கம்பி, சஸ்டெய்ன் பெடல், பெடலுக்கும் பியானோவுக்கும் நடுவுல நிக்கிற கம்பி, மேல் மூடி. இதுல ஒவ்வொண்ணும் தனியா வாங்கப் போனீங்கன்னா சேர்ந்து பல நூறு டாலர் ஆகிடும், பெடல் இல்லாத ரோட்ஸுக்கு நான் முதல் பேச்சுலயே விலையை இறக்கிடுவேன். மேல சுத்தியிருக்கிற கருப்பு டோலெக்ஸ் கிழிஞ்சது, மூலை இரும்பு துரு பிடிச்சது, கீ மஞ்சள் ஆனது இதெல்லாம் பார்க்கத்தான் பயமா இருக்கும், விலையில பெரிசா ஒண்ணும் பண்ணாது. ஆனா எலி உள்ள குடும்பம் நடத்தியிருந்தா, மரம் தண்ணி பட்டு வீங்கியிருந்தா, கீ எல்லாம் ஒண்ணை ஒண்ணு உரசிக்கிட்டு நின்னா, அது வேற கதை, அங்க யோசிச்சுப் போங்க. எலி எச்சம் இருந்தா மாஸ்க், கையுறை போட்டு, கிருமிநாசினி தெளிச்சு நல்லா ஈரமாக்கி ஊற விட்டப்புறம் தொடைங்க, காஞ்சதை அப்படியே ஊதவோ வாக்குவம் போடவோ கூடாது.

ரிப்பேர். ஸ்டேஜ் மாடல்ல ஒரு நிம்மதி, உள்ள கரண்டே கிடையாது, ஷாக் அடிக்காது, யாரு வேணா தைரியமா திறக்கலாம். சூட்கேஸ்ல ஆம்ப் இருக்கு, கெபாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், அந்தப் பக்கம் தெரிஞ்ச டெக்னீஷியன்கிட்ட விடுங்க. உங்ககிட்ட இருக்கிறது வுர்லிட்சர்ங்கிற இன்னொரு கம்பெனி எலக்ட்ரிக் பியானோன்னா அதுவும் இதே ஜாக்கிரதை, அதுல டைன் கிடையாது, ரீடுன்னு மெல்லிசான எஃகுத் தகடு, அந்த ரீடு பக்கம் 150 வோல்ட் அளவுக்கு டிசி ஓடும், ரீடு நுனியில இருக்கிற ஈயத்தை அரம் போட்டு ராவித்தான் டியூன் பண்ணணும், அது தனி வித்தை, இங்க எழுதினதை அதுக்குப் பயன்படுத்தாதீங்க.

மூடியக் கழட்டினதும் டைனும் பிக்கப்பும் உக்காந்திருக்கிற பெரிய சட்டம் தெரியும், அதுக்குப் பேர் ஹார்ப். ஒயரை உருவிட்டு, ரெண்டு பக்கமும் இருக்கிற ஸ்க்ரூவை எடுத்தா அது பின்னாடி பக்கமா எழும்பி நிக்கும், அப்போ கீழ ஹேமர் டேம்பர் எல்லாம் முகம் காட்டும். எடுக்கிறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுங்க. ஸ்க்ரூவுக்குக் கீழ ஏதாவது அட்டையோ மரத்துண்டோ சொருகியிருந்தா அது குப்பை இல்ல, ஃபேக்டரில உயரம் சரி பண்ண வெச்சது, எது எங்க இருந்துச்சோ அங்கயே திரும்ப வைக்கணும். அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுட்டு அப்புறம் மேல் ஸ்தாயி ஏன் பாட மாட்டேங்குதுன்னு மண்டையை உடைச்சிக்கிறவங்களை நிறைய பார்த்திருக்கேன்.

முதல் வேலை ஹேமர் டிப். நியோப்ரின் ரப்பர், கீழ் நோட்டுக்கு மெத்துனு, மேல போகப் போக கடினமா, கடைசி உச்சத்துல உள்ள மரமே இருக்கும். வருஷக்கணக்கா ஒரே இடத்துல அடிச்சு டிப்ல கோடு விழுந்திருக்கும், நகத்தால தடவினா பள்ளம் தெரியும். பள்ளம் ஆழமா இருந்தா மொத்த செட்டையும் மாத்திடுங்க, நல்லா இருக்கிற நாலை விட்டுட்டு மீதியை மாத்தினா சத்தம் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும். பழசைப் பிடுங்கி, ஹேமர்ல மிச்சம் இருக்கிற பசையைச் சுரண்டி, புதுசை நேரா ஒட்டணும். இதுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா போகும்.

ரெண்டாவது குரோமெட். ஒவ்வொரு டோன் பாரையும் ரெண்டு ஸ்க்ரூ தாங்குது, ஸ்க்ரூவைச் சுத்தி ஒரு ரப்பர் வளையம், 73 கீக்கு 146 வளையம். 50 வருஷத்துல அது கல்லாகிடும், கல்லான ரப்பர் டைனோட அதிர்வை மரச்சட்டத்துக்குக் கடத்திடும், நோட்டு நீளமா பாடாம சீக்கிரம் செத்துடும். நடு ஸ்தாயில ஒரு நோட்டை அமுக்கிப் பிடிச்சு எத்தனை செகண்டு பாடுதுன்னு எண்ணி பழைய வரிக்குப் பக்கத்துல எழுதுங்க, மாத்தினப்புறம் திரும்ப எண்ணுங்க, அந்த வித்தியாசம்தான் நாளைக்கு வாங்க வர்றவர்கிட்ட நீங்க காட்டப் போற அத்தாட்சி. நான் இந்த வேலையைத் தள்ளித் தள்ளிப் போட்டேன், செஞ்சு முடிச்ச அன்னிக்குத்தான் அந்த பியானோவோட நிஜக் குரலை முதல் தடவை கேட்டேன், ராத்திரி ஒரு மணி வரைக்கும் எந்திரிக்கவே மனசு வரல.

டைன் உடைஞ்சிருந்தா அந்த நோட்டுக்குப் புது டைன். புதுசு நீளமா வரும், அளவுக்கு வெட்டணும், பழைய துண்டு கிடைச்சா அளவுக்கு வெச்சுக்கங்க. டைன் மேல ஒரு சின்ன ஸ்ப்ரிங் சுருள் இருக்கும், டியூனிங் அதுலதான், நுனிப் பக்கம் தள்ளினா சுருதி இறங்கும், உள் பக்கம் தள்ளினா ஏறும். அரை மில்லிமீட்டர் தள்ளினாலே நிறைய மாறும், தட்டித் தட்டி நகர்த்துங்க.

அறுந்த நாடாவை மாத்துறது சுலபம். டேம்பர் சரியா உக்காரலைன்னா அந்த உலோகக் கையை லேசா வளைக்கணும், ஒரேயடியா வளைச்சா பக்கத்து டேம்பரும் கூட வரும். கீ ஒட்டிக்கிச்சுன்னா டபிள்யூடி-40 அடிக்கவே அடிக்காதீங்க, மரமும் ஃபெல்ட்டும் ஊறிப் போய் இன்னும் மோசமாகும், கீயைத் தூக்கி கீழ இருக்கிற ஊசியை மெருகேத்தி, அந்த ஊசி போற ஓட்டையில இருக்கிற ஃபெல்ட் புஷிங்கைக் கொஞ்சம் தளர்த்தினா போதும்.

இப்போ செட்டப், எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, விலையை நிஜமா தூக்குறதும் இதுதான். மூணு விஷயம். ஹார்ப் முன்ன பின்ன எங்க நிக்குதுங்கிறதைப் பொறுத்து ஹேமர் டைன்ல எந்தப் புள்ளியில அடிக்கும்கிறது மாறும். கீழ் நோட்டுல பெரிசா தெரியாது, உச்சத்துல இருக்கிற நோட்டுங்க கண்ணாடி தட்டின மாதிரி "கிண்"ணுன்னா சரி, மரத்தைத் தட்டின மாதிரி இருந்தா சட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி, மேல் நோட்டைத் தட்டிக்கிட்டே எங்க நல்லா ஒலிக்குதோ அங்க ஸ்க்ரூவை இறுக்குங்க. அடுத்தது ஹேமர் முழுசா மேல வந்தப்ப டிப்புக்கும் டைனுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி. ரொம்பக் கம்மின்னா ஒரே தட்டுக்கு ரெண்டு தடவை அடிக்கும், ரொம்ப ஜாஸ்தின்னா மெதுவா வாசிக்கிறப்ப நோட்டே வராது.

கடைசியா பிக்கப்புக்கு எதிர்ல டைன் நுனி எந்த உயரத்துல நிக்குதுங்கிறது. நேரா நடு மையத்துல நின்னா, டைன் ஒரு தடவை ஆடி வர்றதுக்குள்ள காந்தத்தோட மையத்தை ரெண்டு தடவை கடக்கும், அதனால நீங்க அடிச்ச நோட்டை விட ஒரு ஆக்டேவ் மேல இருக்கிற சத்தம்தான் தூக்கலா கேக்கும், குழி விழுந்த மாதிரி இருக்கும். மையத்தை விட்டுக் கொஞ்சம் மேல நின்னா அடி நோட்டு கனமா வரும், மெதுவா தட்டினா மணி மாதிரி, ஓங்கி அடிச்சா உறுமும், ஜாஸ் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக் கைல கேட்டு நம்ம மயங்கினது அந்த உறுமலைத்தான். டோன் பாரோட ஸ்க்ரூவைக் கால் சுத்து கால் சுத்தா திருப்பி, ரெண்டு நோட்டுக்கு ஒரு தடவை பக்கத்து நோட்டோட ஒப்பிட்டு, 73ம் ஒரே குடும்பமா கேக்கிற வரைக்கும் போங்க. பிக்கப்பைக் கிட்டக் கொண்டு வந்தா சத்தம் கூடும், ஆனா கீழ் நோட்டு டைன்ங்க நிறைய ஆடும், ரொம்பக் கிட்ட வெச்சா ஓங்கி அடிக்கிறப்ப பிக்கப்லயே இடிக்கும். ஒரே மூச்சுல எல்லாம் பண்ண நினைக்காதீங்க, ரெண்டு மணி நேரத்துக்கு அப்புறம் காது பொய் சொல்லும். இதெல்லாம் முடிஞ்சுதான் டியூனிங், முன்னாடி பண்ணினா திரும்பப் பண்ண வேண்டி வரும்.

விக்கிறதுக்காக பெயின்ட் அடிக்காதீங்க, புது டோலெக்ஸ் ஒட்டாதீங்க, மெல்லிசா சோப்புத் தண்ணி போட்டுத் தொடைச்சா போதும். வாங்குறவர் தேடுறது பழசைத்தான், அந்தப் பழசை மறைச்சுட்டு நீங்களே விலையைக் குறைச்சுக்க வேணாம். கழட்டின பழைய டைன், டிப், ஸ்க்ரூ எல்லாத்தையும் ஒரு பைல போட்டு வைங்க.

விளம்பரத்துக்கு வீடியோ ஒண்ணு எடுங்க, கீழ் நோட்டுலேர்ந்து மேல வரைக்கும் 73ம் வரிசையா, ஒரு தடவை மெதுவா ஒரு தடவை ஓங்கி, ரிவெர்ப் கோரஸ் மாதிரி சத்தத்தை மாத்துற எஃபெக்ட் எதுவும் போடாம. பெரிய ஆள் மாதிரி வாசிச்சுக் காட்டுறது நல்லா இருக்கும், ஆனா விவரம் தெரிஞ்சவன் பார்க்கிறது இந்த வரிசையைத்தான். திறந்த ஹார்ப், தேதி முத்திரை, டிப் கிட்டத்துல, பெடல், காலு, கிழிஞ்ச மூலை எல்லாம் போட்டோ. என்ன பண்ணினீங்க, என்ன பண்ணல, எந்த நோட்டு இன்னும் கொஞ்சம் மந்தம்னு நோட்டுப் புத்தகத்துல இருக்கிறபடியே எழுதுங்க. குறையை முதல்லயே சொன்னவன்கிட்ட யாரும் வாசல்ல நின்னு பேரம் பேச மாட்டாங்க, என் அனுபவத்துல இது பலிச்சிருக்கு.

கேட்ட விலைக்கு மேலயே செக் அனுப்பறேன், மிச்சத்தை லாரிக்காரனுக்குக் கொடுத்துடுங்கன்னு யாராவது எழுதினா பதிலே போடாதீங்க, செக் திரும்பி வரும், நீங்க கொடுத்த பணம் திரும்பி வராது. நேர்ல வந்து வாசிச்சுப் பார்த்து எடுத்துட்டுப் போறவங்களுக்கே கொடுங்க. ஸ்டேஜ் 73 சுமார் 60 கிலோ, பார்சல்ல போற சாமான் இல்ல, தூரத்துக்கு அனுப்பியே ஆகணும்னா பேலட்ங்கிற மரத் தட்டுல கட்டி ஃப்ரெய்ட் லாரில, ஹார்ப் ஸ்க்ரூ எல்லாம் இறுக்கி, கீக்கும் மூடிக்கும் நடுவுல ஃபோம் வெச்சு, காலும் பெடலும் தனியா சுத்தி, நான் அதையும் விரும்ப மாட்டேன்.

தூக்கிட்டுப் போறப்ப ரெண்டு பேர் வேணும், படியில எப்பவும் கீழ் படியில நிக்கிறவர்தான் அதிக கனத்தைத் தாங்குவார், பலமானவரை அங்க நிறுத்துங்க. பழைய பார்ட்ஸ் பையையும் அந்த 73 வரி நோட்டுப் புத்தகத்தையும் கையோட கொடுத்துடுங்க. புது வீட்ல ரெண்டு வாரம் சும்மா நின்னு அந்த அறையோட காத்துக்குப் பழகினப்புறம் ஒரு தடவை டியூனிங் பாக்கச் சொல்லுங்க, எப்படிப் பாக்கிறதுன்னு அந்த ஸ்ப்ரிங்கை ஒரே ஒரு நோட்டுல தள்ளிக் காட்டிட்டு அனுப்புங்க.